ஹேக்கிண்டாஷ்: அசெம்பிள்டு பெட்டியில் ஆப்பிள் ஓடிய கதை

ரிச்சி ஸ்ட்ரீட்டுல பார்ட் பார்ட்டா வாங்கி மாட்டின கம்ப்யூட்டர்ல மேக் ஓஎஸ் ஓடுமா? ஓடும். ஓடிச்சு. கிட்டத்தட்ட இருபது வருஷம் ஓடிச்சு. அதுக்கு ஹேக்கிண்டாஷ்னு பேரு. 2025 ஜூன்ல ஆப்பிள், மேக் ஓஎஸ் டாஹோதான் இன்டெல் சில்லுக்கான கடைசிப் பதிப்புன்னு அறிவிச்சிடுச்சு. ஆட்டம் முடியற நேரத்துல யாராவது கதையை தமிழ்ல எழுதி வைக்கணுமில்லையா, அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல நம்ம ஊர்லேருந்தே ஆரம்பிப்போம். ஸ்ரீபெரும்புதூர்ல 2006-ல நோக்கியா தொழிற்சாலை வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்த வருஷமே, 2007-ல, அங்க டெல் கம்பெனி கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சது அவ்வளவா பேசப்படல. அந்தக் காலத்து டெல் பெட்டி ஒண்ணைத் திறந்து பாத்தா உள்ள என்ன? இன்டெல் ப்ராசசர், இன்டெல் சிப்செட், சாட்டா ஹார்ட் டிஸ்க், டிடிஆர்2 ராம். அதே வருஷத்து ஐமேக்கைத் திறந்து பாத்தா? கோர் 2 டுயோ, சாட்டா ஹார்ட் டிஸ்க், டிடிஆர்2 ராம்! சட்டை வேற, எலும்பு ஒண்ணு. அப்போ ஒண்ணுல ஓடறது இன்னொண்ணுல ஏன் ஓடக்கூடாது? இந்தக் கேள்விதான் மொத்தக் கதையும்.

2005 ஜூன் 6. பவர்பிசி சில்லை விட்டுட்டு இன்டெலுக்கு மாறப் போறோம்னு ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில சொல்றார். மென்பொருள் எழுதறவங்க முன்கூட்டியே தயாராகணும்னு 999 டாலர் வாங்கிட்டு ஒரு பெட்டியை வாடகைக்குக் குடுத்தாங்க. வெளியில பாக்க பவர் மேக் ஜி5. உள்ள 3.6 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, சாதாரண பயாஸ். அதாவது மேக் வேஷம் போட்ட பிசி! அதுக்கான டைகர் இன்ஸ்டாலேஷன் டிஸ்க் வெளிய கசிய எத்தனை நாள் ஆகும்? அந்த ஆகஸ்ட்லயே சாதாரண பிசிகள்ல ஓட்டிக் காட்டிட்டாங்க.

2006 ஜனவரியில நிஜ இன்டெல் மேக் வந்தப்போ ஆப்பிள் உஷாராயிடுச்சு. பயாஸுக்குப் பதிலா இஎஃப்ஐ. டெஸ்க்டாப்பைக் காட்டற ஃபைண்டர் மாதிரி சில முக்கியமான நிரல்களை என்க்ரிப்ட் பண்ணி, சாவியை மதர்போர்டுல இருக்கற எஸ்எம்சி சில்லுல வச்சாங்க. இதுல ரசிக்கற விஷயம், அந்தச் சாவியே 'தயவு செஞ்சு திருடாதீங்க'ங்கற அர்த்தத்துல எழுதின இங்கிலீஷ் வாசகம். கதவைப் பூட்டிட்டு, சாவியில மன்னாப்பு கேக்கற வீட்டுக்காரரைப் பாத்திருக்கீங்களா? மாக்ஸஸ்ங்கற புனைபெயர்ல ஒருத்தர் பிப்ரவரியிலயே 10.4.4-ஐ உடைச்சிட்டார். அதுக்கப்புறம் எஸ்எம்சி சில்லு இருக்கற மாதிரியே நடிக்கற 'ஃபேக் எஸ்எம்சி' வந்தது.

அதே 2006 ஏப்ரல்ல, மேக்குல விண்டோஸ் போட்டுக்கோன்னு ஆப்பிளே பூட் கேம்ப் குடுத்தது. போறதுக்கு வழி உண்டு, வர்றதுக்குத்தான் கிடையாது. ஒன் வே.

சரி, பூட்டு உடைஞ்சாச்சு, அப்புறம் என்ன கஷ்டம்? நிஜமான கஷ்டமே இங்கதான் ஆரம்பம். ஆப்பிளுக்கு தான் வித்த சில டஜன் மாடல்கள் தெரிஞ்சா போதும். விண்டோஸ் மாதிரி கண்ட கண்ட போர்டையும் அனுசரிச்சுப் போற பழக்கம் அதுக்கு இல்ல.

பேர் போன பிழைச்செய்தி ஒண்ணு இருக்கு: ரூட் டிவைஸுக்காக இன்னும் காத்திருக்கேன்னு திரையில வரிசையா வரும். பூட் ஆகறப்போ மைனஸ் வி போட்டாத்தான் இதையே பாக்க முடியும், இல்லேன்னா சாம்பல் திரையில ஆப்பிள் சின்னம் சும்மா நிக்கும். விஷயம் என்னன்னா, கெர்னலை டிஸ்க்கிலேருந்து எடுத்துட்டு வர்ற வரைக்கும் பூட்லோடர் பயாஸ் உதவியில ஓட்டிடும். கெர்னல் பொறுப்பை எடுத்துக்கிட்ட நிமிஷம் பயாஸ் விலகிடும். இனிமே டிஸ்க்கைப் பாக்க கெர்னலுக்குச் சொந்த டிரைவர் வேணும். அந்த டிரைவர்ல உங்க சிப்செட்டோட அடையாள எண் இல்லேன்னா, தான் எந்த டிஸ்க்கிலேருந்து வந்ததோ அந்த டிஸ்க்கே அதுக்குத் தெரியாது! பாதிப் பேருக்கு பயாஸ்ல ஐடிஇ-யை ஏஎச்சிஐ-ன்னு மாத்தினதும் சரியாச்சு. மீதிப் பேர் டிரைவரோட பட்டியல்ல தங்களோட எண்ணைக் கையால சேத்தாங்க.

அடுத்தது டிஎஸ்டிடி. மதர்போர்டுல என்னென்ன இருக்கு, எதை எப்படித் தூங்க வைக்கறது, எழுப்பறதுன்னு போர்டு தயாரிக்கறவங்க எழுதி வைக்கற அட்டவணை. தப்பும் தவறுமா எழுதினாலும் விண்டோஸ் கண்டுக்காது, மேக் கண்டுக்கும். ஜிகாபைட் போர்டு பலதுல மேக்கை ரீஸ்டார்ட் பண்ணினா பயாஸ் செட்டிங் மொத்தமும் பழைய நிலைக்குப் போயிடும். காரணம், கடிகாரத்துக்கான ஆர்டிசி பகுதியில நீளத்தைச் சொல்ற ஒரே ஒரு எண். அட்டவணையைப் பிரிச்சு, அந்த எண்ணைக் குறைச்சு, திரும்ப கம்பைல் பண்ணினா சரியாயிடும். நாலு வருஷ எஞ்சினியரிங்ல சொல்லித் தராத ஏசிபிஐ-யை இப்படித்தான் பல பசங்க கத்துக்கிட்டாங்க. சத்தம் வராத ரியல்டெக் சில்லு, தூங்கினா எழாத பெட்டின்னு மீதியை எழுதினா பதிவு தாங்காது.

கல்யாணச் சாப்பாடு மாதிரி எல்லாத்தையும் ஒரே இலையில வச்ச கலிவே, ஐஅட்காஸ், ஐடெனெப்னு 'டிஸ்ட்ரோ'க்கள் ஒரு பக்கம். அப்புறம், ஒரிஜினல் டிஸ்க்கைத் தொடாம பூட்லோடர்லயே வேலையை முடிக்கற வழி: 2008-ல கமீலியான், பின்னாடி க்ளோவர், 2019-ல ஓப்பன்கோர். என்னைக் கேட்டா ஓப்பன்கோர்தான் இதுல உருப்படியான பொறியியல்.

2008 செப்டம்பர்ல வந்த டெல் மினி 9 நெட்புக்ல லெப்பர்ட் அவ்வளவு அழகா பொருந்திச்சு. 2009 நவம்பர்ல வந்த 10.6.2 ஆட்டம் சில்லுக்கான ஆதரவை எடுத்துடுச்சு, போச்சு. இதையே வியாபாரமாக்கின கம்பெனி ஃப்ளோரிடாவோட சைஸ்டார். 2008 ஏப்ரல்ல 399 டாலர்லேருந்து பெட்டி வித்தாங்க. ஜூலையில ஆப்பிள் கேஸ் போட்டது, 2009 நவம்பர்ல நீதிபதி வில்லியம் அல்சப் ஆப்பிள் பக்கம் தீர்ப்பு சொன்னார். லைசன்ஸ்படி ஆப்பிள் முத்திரை போட்ட கம்ப்யூட்டர்ல மட்டும்தான் மேக் ஓஎஸ் போடலாம், அது இன்னிக்கும் அப்படித்தான். ஆனா வீட்டுல உக்காந்து ஓட்டினவங்களை ஆப்பிள் வேட்டையாடல.

ஏன் இவ்வளவு பாடு? நிறையப் பேருக்கு பந்தா, ஒத்துக்கறேன். ஆனா ஒரு கூட்டத்துக்கு வேற வழி இல்ல. ஐபோனுக்கு ஆப் எழுத எக்ஸ்கோட் வேணும். எக்ஸ்கோட் மேக்குல மட்டும்தான் ஓடும். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி சுங்குவார்சத்திரத்துல ஃபாக்ஸ்கான் 2019-ல ஐபோன் எக்ஸ்ஆர், 2020-ல ஐபோன் 11 அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சது. ஷிஃப்ட் பஸ்ஸுங்க ஓடற அதே ரோட்டோரம் எத்தனை எஞ்சினியரிங் காலேஜ்! போன் இங்க மாட்டறாங்க, அந்த போனுக்குள்ள போற நாலு வரி நிரலை இங்க ஒரு மாணவன் சட்டப்படி எழுதணும்னா முதல்ல மேக் வாங்கணும். ஹாஸ்டல் ஐ5 பெட்டியில ஹை சியரா போட்டவனைத் திருடன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

இதை முடிச்சு வச்சது கோர்ட் இல்ல, சில்லு. 2020 ஜூன்ல சொந்தச் சில்லுக்கு மாறப் போறோம்னு அறிவிப்பு, நவம்பர்ல எம்1. இன்டெல்ல இருந்த வரைக்கும் அதே ப்ராசசர் கடையில கிடைச்சது. இப்போ சுங்குவார்சத்திரத்துல போனுக்குள்ள போற ஏ வரிசையும் மேக்குல இருக்கற எம் வரிசையும் ஒரே குடும்பம், ஆனா ரிச்சி ஸ்ட்ரீட்டுல எந்தக் கடையிலயும் அதைத் தனியா வாங்க முடியாது. விலையும் ஒரு காரணம்: 2024-ல எம்4 மேக் மினி வந்தப்போ இங்க 59,900 ரூபாய். ரெண்டு வாரம் டிஎஸ்டிடியோட மல்லுக்கட்டறதுக்கு இது மேல்னு பலர் போயிட்டாங்க.

யாராவது இன்னும் பழைய ஜிகாபைட் போர்டுல ஓட்டிட்டு இருந்தா பின்னூட்டத்துல போர்டு மாடலோட சொல்லுங்க. ஸ்லீப் போட்டா எழுந்திருக்குதான்னும் சேத்துச் சொல்லுங்க :-)