நெஞ்சுச் சளியும் நுண்ணுயிரும்



பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டினால் தைலம் தேய்த்துவிட்டுப் பால் வெட்டப் போவது நம் தோட்டங்களில் நெடுநாள் வழக்கம். அந்தச் சளி நிமோனியாவாகவும் இருக்கலாம். அதன் காரணம் தெரிய வந்த கதையைக் கேளுங்கள்.

1881-இல் பிரான்சில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க்கும், ஒருவர் ஆய்வை மற்றவர் அறியாமலே, மனித எச்சிலில் இருந்த ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். அதுவே நிமோகாக்கஸ். நிமோனியாவுக்கு அது முக்கியக் காரணம் என்பது பின்னரே விளங்கியது. 1884-இல் டென்மார்க் மருத்துவர் கிராம், பெர்லினில், நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரலில் பாக்டீரியாவைச் சாயமேற்றிக் காணும் முறையை வகுத்தார். 1892-இல் ஃபைஃபர் கண்ட இன்னொரு பாக்டீரியாவை இன்புளுவென்சாவின் காரணம் என்றே எண்ணினர். 1933-இல் உண்மைக் காரணமான வைரஸ் அகப்பட்டது. ஆயினும் அந்தப் பாக்டீரியாவின் 'பி' வகை குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கவல்லது.

1940-களில் பென்சிலின் பல உயிர்களைக் காத்தது. மலேசியாவில் 'ஹிப்' தடுப்பூசி 2002 முதலும், நிமோகாக்கஸ் தடுப்பூசி 2020-இல் பிறந்த குழந்தைகள் தொடங்கியும் இலவசம்.

ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளை நிமிடத்துக்கு 40 முறையோ, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை 50 முறையோ, அதற்கு மேலோ மூச்சு விட்டால், விலாவின் கீழ் நெஞ்சு உள்வாங்கினால், தைலத்தை வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வோம். ஒருநாள் பேரைவிடப் பிள்ளை பெரிதல்லவா?