ஒரு டாக்டரும் ஒரு பிரவுசரும்: பவர்பிசி மேக்குகள் 11 வருஷம் தாக்குப்பிடிச்ச கதை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சுபோச்சு. அதுக்கு முன்னாடியே உங்கள்ல பல பேர் வீட்டு லேப்டாப்புல "இந்தக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தகுதியானது இல்லை"ங்கிற மாதிரி ஒரு தகவல் வந்திருக்கும். கீபோர்டு நல்லா இருக்கு. திரையில ஒரு கோடுகூட இல்ல. எஸ்எஸ்டி மாத்தி ரெண்டு வருஷம்தான் ஆகுது. ஆனா பால் பாக்கெட் மாதிரி தேதி முடிஞ்சுடுச்சு.

இன்னிக்கு விண்டோஸ் பத்திப் பேசப் போறதில்ல. இதே நிலைமை கிட்டத்தட்ட 20 வருஷம் முன்னாடி ஆப்பிள் மேக் வெச்சிருந்தவங்களுக்கு வந்தது. அந்தக் கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகாம இருந்ததுக்குப் பெரிய காரணம் ஒரு தனி மனுஷன். சாஃப்ட்வேர் கம்பெனி ஆள் இல்ல, ஒரு டாக்டர். அந்தக் கதைதான் இது.

கொஞ்சம் பின்னணி. 1994-ல இருந்து மேக் கம்ப்யூட்டர்கள் பவர்பிசி-ங்கிற சிப்புல ஓடின. ஆப்பிள், ஐபிஎம், மோட்டோரோலா மூணு பேரும் சேர்ந்து உருவாக்கினது. 2005 ஜூன் மாசம் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, இனிமே இன்டெல் சிப்புதான்னு அறிவிச்சார். கூத்து என்னன்னா, அந்த அறிவிப்புக்கு நாலு மாசம் கழிச்சு, 2005 அக்டோபர்ல, ஆப்பிள் பவர் மேக் ஜி5 குவாட்-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்துச்சு. நாலு கோர், 16 ஜிபி வரைக்கும் ரேம், தண்ணி ஓடுற கூலிங். விலை 3,299 டாலர்ல ஆரம்பம். 2006 ஆகஸ்ட்ல அதோட இடத்துக்கு இன்டெல் மேக் ப்ரோ வந்துடுச்சு. அப்படின்னா, அந்தக் கோடையில குவாட் வாங்கின ஒருத்தர் கையில இருந்தது அன்னிக்கு உலகத்துலயே வேகமான மேக்குகள்ல ஒண்ணு, ஆனா வாங்கும்போதே அதோட எதிர்காலம் முடிஞ்சுபோயிருந்தது.

ஆப்பிள் உடனே கைவிடல, அதையும் சொல்லணும். 2007-ல வந்த லெபர்ட் (10.5) பவர்பிசியிலயும் ஓடுச்சு. 2009 ஆகஸ்ட்ல வந்த ஸ்னோ லெபர்ட்தான் இன்டெல்லுக்கு மட்டும். ஆனா நிறைய பேர் லெபர்டுக்குக்கூட மாறல. அதுக்கு முந்தின டைகர், அதாவது 10.4-லயே நின்னுட்டாங்க. காரணம் சோம்பேறித்தனம் இல்ல. 90-கள்ல எழுதின பழைய மேக் ப்ரோகிராம்களை ஓட்ட "கிளாசிக்"னு ஒரு வசதி டைகர்ல இருந்தது. லெபர்ட்ல அது கிடையாது. ஒரு பழைய ஸ்கேனர், பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள், அதுல மட்டுமே திறக்கிற பத்து வருஷத்து ஃபைல்கள். நம்ம ஊர் டிடிபி கடைகள்ல யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களோட பேஜ்மேக்கர் ஓடுற அந்த ஒரு பழைய பிசி இன்னும் மூலையில இருக்கும் பாருங்க, அதே கதைதான்.

சரி, ஆதரவு நின்னா கம்ப்யூட்டர் எப்படிப் பயனில்லாம போகுது? ஒரே நாள்ல போறதில்ல. வேர்டு மாதிரியான ப்ரோகிராம் பத்து வருஷம் ஆனாலும் திறக்கும். பழைய ஃபோட்டோ தெரியும், பாட்டு கேட்கும். முதல்ல அடிவாங்குறது பிரவுசர். ஏன்னா மத்த ப்ரோகிராம்கள் உங்க டிஸ்க்கோட பேசுது, பிரவுசர் வெளியுலகத்தோட பேசுது. வெளியுலகம் தன் பேச்சை மாத்திக்கிட்டே இருக்கு.

மொசில்லா 2010 ஜனவரியில வெளியிட்ட ஃபயர்ஃபாக்ஸ் 3.6-தான் பவர்பிசிக்கு அதிகாரபூர்வமா வந்த கடைசி வரிசை. அடுத்த ஃபயர்ஃபாக்ஸ் 4-ல பவர்பிசி இல்ல. மொசில்லாவை இதுக்காகத் திட்ட எனக்கு மனசு வரல. நம்ம துறையில "பழைய வெர்ஷன் ஆதரவை நீக்கு"ங்கிறது ஒரு வரி டிக்கெட். எழுதுறதுக்கு அரை நிமிஷம். அதைச் செய்யலைன்னா ஒவ்வொரு ரிலீஸுக்கும் அந்தப் பழைய மெஷினையும் வெச்சு டெஸ்ட் பண்ண யாராவது வேணும்.

அந்த "யாராவது"தான் கேமரன் கைசர். தெற்கு கலிஃபோர்னியாவுல பொதுச் சுகாதாரத்துறை மருத்துவர். பழைய கம்ப்யூட்டர்கள்மேல ஆர்வம். 2010 நவம்பர்ல, ஃபயர்ஃபாக்ஸ் 4 சோதனை நிலையில இருக்கும்போதே, அதோட மூலநிரலை எடுத்து டைகர்ல ஓடுற மாதிரி மாத்தி வெளியிட்டார். 10.4-ல ஓடுற ஃபாக்ஸ். அதனால பேரு டென்ஃபோர்ஃபாக்ஸ்.

ஓட வெச்சது முதல் படிதான், வேகமா ஓட வைக்கிறதுதான் பெரிய வேலை. பிரவுசருக்குள்ள ஜாவாஸ்கிரிப்டை அந்த நிமிஷமே சிப்புக்குப் புரியுற கட்டளையா மாத்துற ஒரு பகுதி இருக்கு, ஜிட் கம்பைலர். அது எந்த சிப்புக்கு எழுதப்பட்டதோ அந்த சிப்புல மட்டும்தான் வேலை செய்யும். மொசில்லா பவர்பிசிக்கு எழுதல. அது இல்லாமலும் பக்கம் திறக்கும், ஆனா ஆமை வேகம். கைசர் அந்தப் பகுதியைத் தானே எழுதினார். மொசில்லா சும்மா இருக்கல. ட்ரேஸ்மங்கி, ஜேகர்மங்கி, அயன்மங்கின்னு எஞ்சினையே மாத்திக்கிட்டே போனாங்க. ஒவ்வொரு தடவையும் இவர் பவர்பிசி பக்கத்தை மறுபடி எழுத வேண்டியிருந்தது. கடைசியா எழுதினதுக்கு அயன்பவர்னு பேரு வெச்சார்.

இன்னொரு சிக்கல் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நாம தேதியை 14-10-2025-ன்னு எழுதுறோம், சில பேர் 2025-10-14-ன்னு எழுதுறாங்க. ரெண்டும் ஒரே தேதி. சிப்புகளுக்கும் இந்த மாதிரி ரெண்டு பழக்கம் உண்டு. ஒரு பெரிய எண்ணை மெமரியில வைக்கும்போது பவர்பிசி மேக் பெரிய பாகத்தை முதல்ல வைக்கும், இன்டெல் சின்ன பாகத்தை முதல்ல வைக்கும். வெப்சைட் எழுதுறவங்க கையில இருக்கிறதெல்லாம் இன்டெல் பழக்கம் உள்ள மெஷின். அவங்க அறியாமலே, உலகம் முழுக்க இப்படித்தான்னு நினைச்சு நிரல் எழுதிட்டாங்க. அதெல்லாம் பவர்பிசியில வந்து உடைஞ்சுது. உலகத்துல இருக்கிற வெப்சைட் எல்லாத்தையும் திருத்த முடியுமா? கைசர் பிரவுசரையே ஏமாத்த வெச்சார். எண்ணைத் தலைகீழா வாசிக்கிற, தலைகீழா எழுதுற கட்டளைகள் பவர்பிசி சிப்புலயே உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் அந்த மாதிரித் தரவைத் தொடும்போதெல்லாம் அதைப் பயன்படுத்துற மாதிரி மாத்திட்டார். வெப்சைட்டுக்குத் தான் இன்டெல்லுல இல்லைன்னே தெரியாது.

இதெல்லாம் ஒரு மெஷினுக்கு மட்டும் இல்ல. ஜி3, ரெண்டு வகை ஜி4, ஜி5-ன்னு நாலு தனித்தனி வெளியீடு. கம்பைல் பண்றது அந்தக் குவாட் ஜி5-லதான். சம்பளம் கிடையாது.

2016-ல பாதை அடைபட்டுச்சு. மொசில்லா ஃபயர்ஃபாக்ஸுக்குள்ள ரஸ்ட் மொழியைக் கொண்டுவந்து, 54-ஆவது வெர்ஷன்ல இருந்து அதைக் கட்டாயமாக்கினாங்க. டைகர்ல ஓடுற ரஸ்ட் கம்பைலர் கிடையாது. அதனால டென்ஃபோர்ஃபாக்ஸ் ஃபயர்ஃபாக்ஸ் 45-ஓட நின்னுது. கைசர் அதுக்கு மேல, புதுசா வர்ற பாதுகாப்புத் திருத்தங்களையும் சில வசதிகளையும் பொறுக்கி எடுத்து, பழைய உடம்புல கையால ஒட்டவெச்சார். இப்படி 32 வெளியீடுகள்.

இங்க ஒரு நேர்மையான கேள்வி கேட்கணும். இது பாதுகாப்பானதா? பிரவுசருக்குத் திருத்தம் வந்துச்சு, ஆனா அதுக்குக் கீழ இருக்கிற டைகருக்கு 2009-க்கு அப்புறம் ஒண்ணும் வரல. கைசர் இதை மறைக்கல. டென்ஃபோர்ஃபாக்ஸ் 6-லயே ஃப்ளாஷ் மாதிரியான ப்ளக்இன்களை அணைச்சுட்டார், ஏன்னா அடோபி பவர்பிசிக்கான ஃப்ளாஷை நிறுத்திடுச்சு, இனி அதுல ஓட்டை இருந்தா அடைக்க ஆள் இல்ல. யூட்யூபே ஃப்ளாஷ்ல ஓடுன காலம் அது. பழைய மெஷினைக் காப்பாத்துறேன்னு சொல்லி எல்லா ஓட்டையையும் திறந்துவெக்கிறவங்க நடுவுல, இது சரியான முடிவுன்னுதான் நினைக்கிறேன்.

டைகரோட வந்த சஃபாரி என்ன ஆச்சுன்னு பார்த்தா இவரோட வேலை மதிப்பு புரியும். அதுக்குத் தெரிஞ்ச பூட்டுச் சாவி மொழி டிஎல்எஸ் 1.0 வரைக்கும்தான். 2020 வாக்குல பெரிய பிரவுசர்கள் எல்லாம் அதைக் கைவிட, சர்வர்கள் பலதும் 1.2-க்குக் கீழ பேசவே மறுத்துடுச்சு. அதோட, சிஸ்டத்துக்குள்ள இருக்கிற நம்பகச் சான்றிதழ்களுக்கும் காலாவதித் தேதி உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்னிக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியாச்சு, உலகம் முழுக்கப் பழைய சாதனங்கள்ல வெப்சைட் திறக்காம போச்சு. ஃபயர்ஃபாக்ஸ் குடும்பம் சான்றிதழ் பட்டியலைத் தன்னோடவே எடுத்துட்டு வரும், சிஸ்டத்தைக் கேட்காது. அதனால டென்ஃபோர்ஃபாக்ஸ் வெச்சிருந்தவங்க இந்த அடியில தப்பிச்சாங்க.

அதே 2021-லதான் கைசர் நிறுத்திக்கப்போறேன்னு அறிவிச்சார், அக்டோபரோட முடிச்சுக்கிட்டார். ஒரு பொதுச் சுகாதார மருத்துவருக்கு 2020-ம் 2021-ம் எப்படிப்பட்ட வருஷங்கள்னு நான் சொல்லத் தேவையில்ல. பதினொரு வருஷமா ஆயிரக்கணக்கான மெஷின்களுக்கு ஆதரவுன்னு இருந்தது ஒரு ஆளோட ஓய்வு நேரம்.

மூலநிரல் இன்னும் திறந்தே இருக்கு, விரும்பினா நீங்களே கம்பைல் பண்ணிக்கலாம். கைசர் வேற ஒரு வழியும் விட்டுப்போயிருக்கார். கிரிப்டோ ஏன்சியன்-னு ஒரு சின்ன மென்பொருள். பழைய கம்ப்யூட்டர் பூட்டில்லாத சாதா எச்டிடிபியில ஒரு வேண்டுகோளை அனுப்பும். நடுவுல இருக்கிற இது அதை வாங்கி, இன்னிக்கு உலகம் எதிர்பார்க்கிற டிஎல்எஸ் மொழியில சர்வரோட பேசி, பதிலைத் திருப்பிக் கொடுக்கும். பழைய மெஷின்லயே ஓடலாம், இல்ல வீட்டுல இருக்கிற வேற ஒரு மெஷின்ல ஓடலாம். அந்த இடைவழியில போறது பூட்டில்லாத பேச்சுங்கிறதால உங்க வீட்டு நெட்வொர்க்குக்குள்ள மட்டும் வெச்சுக்கோங்க. பேங்க் பாஸ்வேர்டை அதுல அடிக்காதீங்க.