செனாயிலிருந்து திருச்சி: தொலைவு எவ்வளவு? பயண நேரம் எவ்வளவு?

ஜொகூர், செனாய் அனைத்துலக விமான நிலையத்துக்கும் தமிழ்நாட்டின் திருச்சி விமான நிலையத்துக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறக்குறைய 2,940 கிலோமீட்டர். நிற்காமல் பறந்தால் சுமார் 4 மணி நேரம். ஆனால், செனாயில் ஏறுவோர் பொதுவாகக் கோலாலம்பூரில் விமானம் மாறுகின்றனர். எனவே துக்கக் காரியத்துக்கோ திருமணத்துக்கோ அவசரமாகப் புறப்படும் குடும்பங்கள் அந்த 4 மணி நேரத்தை மட்டும் கணக்கில் வைக்க முடியாது.

பறக்கும் நேரம்

பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்கு 800 முதல் 850 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். கோலாலம்பூர் - திருச்சி தொலைவு ஏறக்குறைய 2,690 கிலோமீட்டர். கணக்குப்படி மூன்றேகால் மணி நேரம் போதும். ஓடுபாதைக்கு நகர்வது, மேலேறுவது, தரையிறங்குவது எல்லாம் சேர்வதால் டிக்கெட்டில் 4 மணி நேரத்தை ஒட்டிக் காட்டப்படுகிறது.

மூன்று வழிகள்

செனாய் வழி: கே.எல்.ஐ.ஏ.வுக்கு வான்வழியில் 250 கிலோமீட்டர். பயணம் சுமார் 1 மணி நேரம். முன்கூட்டியே வருவது, விமானம் மாறக் காத்திருப்பது ஆகியவற்றைச் சேர்த்தால் திருச்சி சேர 9 முதல் 10 மணி நேரம் ஆகும். இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறும்போது நட்டம் பயணிக்கே. முனையம் 1, முனையம் 2 எது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாலை வழி: குளுவாங்கிலிருந்து கே.எல்.ஐ.ஏ.வுக்குக் காரில் ஏறக்குறைய 3 மணி நேரம். மொத்த நேரம் செனாய் வழிக்குச் சமமாகவே வரும். சிகாமட், லாபிஸ் மக்களுக்கு இதுவே நல்லது. தெற்கே செனாய்க்கு வந்து மீண்டும் வடக்கே பறப்பதில் பயனில்லை.

சாங்கி வழி: சிங்கப்பூர் - திருச்சி ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர், நேரடி விமானம் உண்டு. ஜொகூர் பாரு, கூலாய் மக்களுக்குக் கிட்டத்தில் இருந்தாலும், ஜொகூர் பாலத்தில் நெரிசலும் இரு பக்கக் குடிநுழைவுச் சோதனையும் உண்டு. விடுமுறை நாள்களில் இதற்கே பல மணி நேரம் ஆகலாம்.

கடிகாரக் கணக்கு

மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1-இல் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்படும் வரை இந்த வித்தியாசம் 2 மணி நேரமாக இருந்தது.

டிக்கெட்டில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள். கோலாலம்பூரில் காலை 10 மணிக்குப் புறப்பட்டால் திருச்சியில் காலை 11.30. திரும்பும்போது திருச்சியில் காலை 10 மணிக்குப் புறப்பட்டால் இங்கு மாலை 4.30. திருச்சியில் இரவு 11 மணி விமானம் என்றால் இங்கு இறங்குவது மறுநாள் விடியற்காலை 5.30. அங்கிருந்து ஜொகூர் வந்து சேர மேலும் அரை நாள் ஆகலாம் என்பதால், வேலைக்குத் திரும்பும் நாளை அதற்கேற்பக் கணக்கிட்டு விடுப்பு எடுப்பது நல்லது.