பி சைடில் மிச்சமிருந்த இடம்

சங்கப் பாட்டான மலைபடுகடாம் போய்ச் சேரும் ஊர் செங்கம். அன்றைக்கு அதன் பெயர் செங்கண்மா. நன்னன் சேய் நன்னன் என்ற வேள் இருந்த ஊர். அவனைப் பார்த்துப் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் கூத்தர் ஒருவர், எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்தை நிறுத்தி 583 அடிகளுக்குப் பேசுகிறார். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். தொடங்கும்போதே முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று அந்தக் கூட்டம் தூக்கி வரும் கருவிகளின் வரிசை வந்துவிடுகிறது. பிறகு வழி. எங்கே வழுக்கும், எங்கே பாம்பு கிடக்கும், எந்த ஊரில் சோறு கிடைக்கும் என்பதோடு நிற்காமல் போகிற வழியில் காதில் என்னென்ன விழும் என்றும் அவர் சொல்கிறார். தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு, பன்றி விரட்டும் பறை, கரும்பாலையின் சத்தம், அருவி. புலி கீறிய கணவனின் புண் ஆறக் காப்பாகக் குறத்தியர் பாடும் பாட்டு. மலையைக் காதால் பார்த்துக்கொண்டே வந்தவர் பேசும் பேச்சு இது.

ஆனால் அவரால் சொல்லத்தான் முடிந்தது. கேட்டதைக் கையில் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. வேண்டுமென்றால் எதிரே வந்தவர்கள் நடந்துபோய்த்தான் கேட்டாக வேண்டும். இந்த நிலைமை வெகு காலம் நீடித்தது. 1877-ல் எடிசன் பேச்சைத் தகரத்தாளில் பிடித்தார். பத்தாண்டு கழித்து எமில் பெர்லினர் அதைத் தட்டையான தட்டாக்கினார். 1902 நவம்பரில் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தா வந்து பாடகி கவுகர் ஜானைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் தன் பெயரை ஆங்கிலத்தில் கூவிவிட்டு நிறுத்துவார். தட்டு எங்கே அச்சாகி எங்கே போனாலும் பாடியவர் யார் என்று குழப்பம் வரக் கூடாதே. இசைத்தட்டுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டுக் காடுகளில்தான் எடுக்கப்பட்டது என்பதை இங்கே ஒரு வரியில் சொல்லிவைக்கிறேன். பாட்டு வெளிநாட்டு எந்திரத்தில் வந்தது, பாட்டைத் தாங்கிய பிசின் இங்கிருந்து போனது.

அந்தத் தட்டின் குறை அளவு. நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் 3 நிமிடம்தான். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்துக்குப் பழகிய, செங்கம் அடங்கிய அன்றைய வட ஆர்க்காட்டுக் காதுக்கு 3 நிமிடம் எம்மாத்திரம்? கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியங்காரன் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் தட்டு தீர்ந்துவிடும். ஆகவே நீண்ட இசையைத் துண்டு போட்டுப் பல தட்டுகளில் ஏற்றினார்கள். 1909-ல் ஓடியன் என்ற ஜெர்மானிய நிறுவனம் சைக்கோவ்ஸ்கியின் நட்கிராக்கர் தொகுப்பை நான்கு தட்டுகளாக்கி, புகைப்படம் ஒட்டும் ஆல்பம் போன்ற ஒரு புத்தகத்துக்குள் செருகி விற்றது. ஆல்பம் அப்படித்தான் பிறந்தது. இன்னும் இன்னும் என்று கேட்ட காதுக்கு இடம் பற்றாமல் போனதன் விளைவு அது. 1948-ல் கொலம்பியாவின் எல்.பி. வந்தபோது ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் கிடைத்து, புத்தகம் ஒரே தட்டாகச் சுருங்கியது.

அதே ஓடியனின் இசைத்தட்டுகளைச் சென்னையில் விற்றுவந்தது சரஸ்வதி ஸ்டோர்ஸ். காரைக்குடியிலிருந்து வந்த ஏ.வி. மெய்யப்பன் படமெடுக்கப் போவதற்கு முன்னால் பங்குதாரராக இருந்த கடை. அந்தக் காலத்தில் நாடகங்கள் ‘செட்’டாகத் தட்டுகளில் வந்தன, முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை வரிசை மாறாமல் போட வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் ஊசி மாற்ற வேண்டும். ஊரில் ஒருவர் வீட்டில் கிராமபோன் இருந்தால் அது தெருவுக்கே பொது. பிறகு கல்யாண வீட்டு மைக் செட்காரர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். எந்த ஊருக்கு எந்தப் பாட்டு புதிது என்பது அவர் பெட்டிக்குள் இருந்த தட்டுகளைப் பொறுத்தது. ஆனால் மைக் செட் பேசும், கேட்காது. நம் விருப்பத்தைச் சொல்ல ஓர் அஞ்சலட்டை வேண்டியிருந்தது. 1952-ல் பி.வி. கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு அமைச்சராகி அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கியபோது, தமிழ்நாட்டுக் காதுகள் இலங்கை வானொலிக்குத் திரும்பின. பாட்டுக்கு முன்னால் அதை விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயரும் ஊரும் வரிசையாக வாசிக்கப்படும். தன் பெயர் காற்றில் வருவதைக் கேட்டவர்கள் பாட்டைச் சரியாகக் கேட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். தாமதமாக 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி பிறந்து அந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் திருப்பிக் கூட்டிவந்தது.

கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய பாட்டு, பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரத்தில் இருந்த பிலிப்ஸ் தொழிற்கூடத்திலிருந்து வந்தது. லூ ஆட்டன்ஸ் என்ற பொறியாளர் பெரிய சக்கரங்களில் நாடாவை மாட்டி மாட்டிச் சலித்துப்போனவர். கோட்டுப் பைக்குள் போகும் அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, எந்திரம் இந்த அளவுக்குள் அடங்க வேண்டும் என்று தன் ஆட்களிடம் கொடுத்தார். 1963 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட் மேடையேறியது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். 1965-ல் பிலிப்ஸ் உரிமத்தொகை கேட்காமலே மற்ற நிறுவனங்களை அந்த வடிவத்தைத் தயாரிக்க விட்டது. சோனியின் நெருக்கடி அதற்கு ஒரு காரணம். அந்த ஒப்பந்தம் இல்லையென்றால் ஒரு ஊரில் பதிந்த நாடா இன்னொரு ஊர்ப் பெட்டியில் பாடியிருக்காது. (மரக்கட்டை என்ன ஆனது என்றால், பஞ்சரான கார் ஒன்றைத் தூக்கி நிறுத்த ஜாக்கிக்கு அடியில் வைத்து நசுங்கிப் போனது.)

கேசட் இந்தியாவுக்குள் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் கையில், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னாக நுழைந்தது. 1980-களின் நடுவுக்குள் இசைத்தட்டை ஓரங்கட்டிவிட்டது. 1984-ல் வந்த ‘விதி’ படத்துக்குப் பாட்டைவிட வசனக் கேசட்டில்தான் அதிகப் புகழ். நீதிமன்றக் காட்சியை டீக்கடையில் உட்கார்ந்தே முழுதாகக் கேட்டவர்கள் உண்டு.

தமிழ்ப் படத்தின் பாட்டுக் கணக்கையும் கேசட்டின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு படத்துக்கு ஐந்து பாட்டு, சராசரியாக நாலரை நிமிடம் என்றால் 22, 23 நிமிடம். 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடம். அதாவது ஒரு படம் ஒரு பக்கத்தில் அடங்கி, பக்கத்தின் கடைசியில் ஏழெட்டு நிமிடம் மிஞ்சும். கம்பெனிகளும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஏ சைடில் ஒரு படம், பி சைடில் வேறொரு படம் என்று ஜோடி கட்டி விற்றன. கதைக்கும் நடிகருக்கும் தொடர்பே இருக்காது. ஆனால் அந்தக் கேசட்டை வைத்திருந்த வீட்டில் அந்த இரண்டு படமும் பிரிக்க முடியாதவை. ஒன்றின் கடைசிப் பாட்டு முடிந்தால் கை தானாகவே கேசட்டைத் திருப்பிப் போடும்.

கம்பெனி போட்ட ஜோடி பிடிக்காதவர்களுக்காகப் பிறந்ததுதான் ரெக்கார்டிங் சென்டர். செங்கம் மாதிரி ஊர்களில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாட்ச் ரிப்பேர், ரேடியோ ரிப்பேர் கடைகளின் வரிசையில் அதையும் பார்க்கலாம். முன்பக்கம் கண்ணாடி, உள்ளே சுவர் முழுக்க எல்.பி. தட்டுகள், மேசையில் டபுள் டெக். கடையின் சொத்து அந்தத் தட்டுகள்தான். ‘ஒரிஜினல் ரெக்கார்டிலிருந்து’ பதிந்து தரப்படும் என்பது பெரிய பெருமை. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு ஏற்றினால் ஒவ்வொரு தடவையும் இரைச்சல் கூடிக்கொண்டே போகும், காதுள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வெற்றுக் கேசட்டை நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும் அல்லது அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். டி.டி.கே., சோனி என்றால் கொஞ்சம் மரியாதை. 90 நிமிடக் கேசட் வேண்டாம், நாடா மெலிசு, சிக்கிக்கொள்ளும் என்று கடைக்காரரே சொல்வார், அது உண்மையும்கூட.

லிஸ்ட் எழுதுவது தனிக் கலை. நோட்டுத் தாளைக் கிழித்து இடது ஓரம் எண் போட்டு, பாட்டின் முதலடியை எழுத வேண்டும். படப் பெயர் தெரிந்தால் அடைப்புக்குறிக்குள். முதலடி தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, ஒருமுறை மெட்டை முனகினால் கடைக்காரர் எடுத்துவிடுவார். 1986-ல் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ வந்தபோது இந்த ஏற்பாட்டுக்குச் சின்னச் சிக்கல்: அது முழுக்கக் கருவியிசை, எழுத முதலடியே கிடையாது. தியாகராஜருக்கும் பாகுக்கும் காணிக்கையாக்கிய அந்தத் தொகுப்பை, இரண்டாண்டு கழித்து ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’டைப் போலவே, துண்டு போடாமல் முழுசாகத்தான் கேட்க வேண்டும். சினிமாவுக்கு வெளியே ஒரு தொகுப்பை முதலிலிருந்து கடைசி வரை கேட்கும் பழக்கம் பல தமிழ் வீடுகளுக்கு இந்த இரண்டு கேசட்டால்தான் வந்தது என்பது என் எண்ணம்.

லிஸ்ட்டைக் கொடுத்துவிட்டு நாளை வா, நாளன்றைக்கு வா என்று அலைய வேண்டும். ஏனென்றால் 60 நிமிடக் கேசட் பதிய 60 நிமிடம் ஆகும். நல்ல கடைக்காரர் அவசரப்படுத்த மாட்டார். பாட்டுக்குப் பாட்டு நேரத்தைக் கூட்டிக் கணக்குப் பார்ப்பார். ஏ சைடில் ஆறு பாட்டுப் போட்டு, ஏழாவது பாட்டு சரணத்தில் அறுந்துபோனால் அது அவருக்கு அவமானம். ஆகவே லிஸ்ட்டின் வரிசையை அவரே மாற்றுவார். நீளமானதை முன்னால் தள்ளி, குட்டையானதைக் கடைசிக்குக் கொண்டுவருவார். அப்படியும் பி சைடில் நாலு நிமிடம் மிஞ்சும். கேசட் வாங்க வந்த பையனுக்குக் காசு கொடுத்த நாடா வீணாகப் போகக் கூடாது என்ற கவலை. “அண்ணே, மிச்சத்துல ஏதாவது நல்லதாப் போட்டு விடுங்கண்ணே” என்பான்.

நண்பர்கள் ரசனையைப் பகிர்ந்துகொள்ளும் தமிழ்நாட்டு வழக்கத்தில் இதைவிட முக்கியமான வாக்கியம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் அந்த வாரம் தான் கேட்டு மயங்கிய பாட்டை அங்கே வைப்பார். இளையராஜா மட்டுமே கேட்டுவந்தவனுக்கு ஜி. ராமநாதன் ஒன்று, டி.எம்.எஸ். பிரியருக்கு ஒரு மலையாளப் பாட்டு. அட்டையில் அதன் பெயர் இருக்காது, சில சமயம் ஒரு கேள்விக்குறி இருக்கும். கேட்டவன் மறுநாள் ஓடிவந்து அது என்ன பாட்டு என்று விசாரிப்பான். அடுத்த கேசட் லிஸ்ட்டின் முதல் வரியில் அந்தப் பாட்டின் பெயர் ஏறியிருக்கும். கேசட் அங்கிருந்து நண்பன் கைக்குப் போகும், அக்காள் மாப்பிள்ளைக்குப் போகும், திருவண்ணாமலைக்கும் பெங்களூருக்கும் போகும் தனியார் பஸ் டிரைவரின் தலைக்கு மேல் பெட்டிக்குப் போகும். அது வேறொரு கேசட்டாகத் திரும்பி வரும், சில சமயம் வராது. அழித்துவிடக் கூடாது என்று முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் தாவலை உடைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டி மேலேயே பதிந்துகொள்பவர்களும் உண்டு.

சட்டப்படி இந்தக் கடைகளின் தொழில் குற்றம். 1957-ன் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-ல் செய்த திருத்தம், காசுக்குப் படி எடுப்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை என்றது. இசையமைப்பாளருக்கும் பாடகருக்கும் சேர வேண்டிய காசு அந்தக் கண்ணாடிக் கடைகளில் நின்றுபோனது உண்மைதான். அதை மறைத்துக்கொண்டு இந்தக் கடைகளைக் கொண்டாட முடியாது. அதே சமயம், ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர் ஒன்றில் வெளியான வருடத்தைத் தாண்டிய பழைய பாட்டு ஒன்றை எந்தக் கம்பெனியும் கொண்டுவந்து விற்கவில்லை என்பதும் உண்மை.

2000-க்குப் பிறகு எம்.பி.3 சி.டி., அதற்குப் பிறகு மெமரி கார்டு. ‘பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்ற பலகை செல்போன் கடைக்கு இடம் மாறியது. 4 ஜிபி கார்டில் ஏறக்குறைய ஆயிரம் பாட்டு. கடைக்காரர் லிஸ்ட் கேட்கவில்லை, “எம்.எஸ்.வி.யா, ராஜாவா, ரஹ்மானா” என்று மட்டும் கேட்டு ஒரு ஃபோல்டரை அப்படியே கொட்டினார். கார்டில் இடம் தீருவதே இல்லை. ஆகவே மிச்சம் என்று ஒன்றும் இல்லை, அங்கே எதைப் போடலாம் என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது பாட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போகிறது. பல வருடம் அதற்கு 30 விநாடிதான் அளவாக இருந்தது. பழைய தட்டின் 3 நிமிடத்தில் ஆறில் ஒரு பங்கு. பல்லவி முடிவதற்குள் அறுந்துவிடும். மீதி வேண்டுமென்றால் போட்டவருக்கே “என்ன பாட்டுடா இது?” என்று அனுப்ப வேண்டும். அனுப்புகிறார்கள், சில சமயம் பதிலுக்கு முழு ஆல்பமே வந்துவிடுகிறது.