உழைச்செல்வான் என்றால் யார்?

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் (950) மருத்துவத்தை நான்கு பகுதிகளாகப் பிரிக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து... நான்காவதாக வருபவர் 'உழைச்செல்வான்'. பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுவார்கள். உழைத்துச் சம்பாதித்த பணக்காரரோ என்று தோன்றும்! அதெல்லாம் இல்லை. 'உழை' என்றால் பக்கம், இடம். (மானுக்கும் உழை என்று பெயர் உண்டு, அது வேறு.) உழைச்செல்வான் என்பவர் பக்கத்தில் போய் நிற்பவர்.

நின்று என்ன செய்வார்? இங்குதான் உரைகள் பிரிகின்றன. மருந்தைப் பிழையில்லாமல் இயற்றுபவர் என்கிறார் பரிமேலழகர். 1886-ல் வெளிவந்த ஜி.யு.போப்பின் மொழிபெயர்ப்பில் இவர் நோயாளியின் அருகில் இருந்து கவனிப்பவர். இன்னொரு ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பு நேராகக் 'கம்பவுண்டர்' என்றே சொல்லிவிட்டது! டாக்டர் எழுதிய மருந்தைக் கலந்து புட்டியில் ஊற்றிக் கொடுத்தவர் அன்று கம்பவுண்டர்தானே. ஆனாலும் சொல்லின் நேர்ப்பொருளுக்குப் போப் சொன்னதே நெருக்கம்.

வடமொழி மருத்துவ நூலான சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்கிறது. அதில் நான்காமவர் 'உபஸ்தாதா', அதாவது அருகில் நிற்பவர். பணிவிடை அறிவு, திறமை, நோயாளியிடம் அன்பு, தூய்மை ஆகிய நான்கும் அவருக்கு வேண்டும் என்கிறது. 'பாராமெடிக்கல்' என்பதில் உள்ள கிரேக்க 'பாரா'வுக்கும் பக்கத்தில் என்றுதான் பொருள். ஆனால் அது மருத்துவத்துக்குப் பக்கத்தில், அதாவது சற்று வெளியே. குறளிலோ உழைச்செல்வான் உள்ளேயே இருக்கிறார். நான்கில் ஒருவர், மருத்துவருக்குக் கீழே எண்ணப்பட்டவர் அல்ல.

அப்படியானால் 'செவிலி'? சங்கப் பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்க்கும் தாய், தோழியைப் பெற்றவள். வள்ளுவருக்கும் அந்தச் சொல் தெரியும். ஆனால் அவர் அதை வைத்தது 'பொருள் செயல்வகை' அதிகாரத்தில் (757). அருள் என்ற குழந்தையைப் பொருள் என்ற செவிலி வளர்க்கிறாளாம். காமர்ஸ் மாணவர்கள் கொண்டாட வேண்டிய குறள்! பிள்ளை வளர்த்தவளின் பெயர் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு வந்தது நவீன காலத்தில்தான். இன்று அரசு ஆணைகளிலும் பாடப்புத்தகங்களிலும் நர்ஸ் என்றால் 'செவிலியர்'தான்.

பேச்சில் அதுவும் இல்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் என்.எல்.சி. பொது மருத்துவமனை வார்டுக்குள் போனால் காதில் விழுவது "சிஸ்டர்... சிஸ்டர்..." நோயாளிகளைப் பராமரித்த கிறிஸ்தவக் கன்னியாஸ்திரீகளிடமிருந்து வந்த பெயர் அது. ஆண் நர்ஸ் வந்தால்தான் எப்படிக் கூப்பிடுவது என்று பலர் திணறுகிறார்கள். உழைச்செல்வான் ஆண்பால் சொல்தான், ஆனால் அப்படிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகமே!