ஆறு மணி நேரம், 1200 டைல்ஸ்

இன்னிக்கு ஒரு பழைய கதை.

டீ கோப்பையில பூப்படம் இருக்கே, அதை எப்படிப் போட்டாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? காகிதம் தட்டை, அச்சடிச்சிடலாம். வளைஞ்ச கோப்பையை அச்சு எந்திரத்துக்குள்ள விட முடியுமா?

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வழி கண்டுபிடித்தார்கள். செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, மை பூசி, மெல்லிய காகிதத்தில் எடுத்து, மை காய்வதற்குள் பாத்திரத்தில் வைத்துத் தேய்ப்பது. கோப்பை வளையாது, காகிதம் வளையுமே! பிறகு காகிதத்தை எடுத்துவிட்டுச் சூளையில் சுட்டால் படம் நிலைத்துவிடும். உற்றுப் பார்த்தால் காகிதம் சேர்ந்த இடம் லேசாகத் தெரியும்.

லிவர்பூலில் ஜான் சாட்லர், கை கிரீன்னு ரெண்டு பேர். 1756 ஜூலை 27 அன்று, வேறு யார் உதவியும் இல்லாமல், ஆறு மணி நேரத்தில் 1200-க்கும் மேற்பட்ட டைல்ஸில் படம் அச்சிட்டதாகச் சத்தியப் பிரமாணம் கொடுத்தார்கள். நிமிஷத்துக்கு மூணுக்கு மேல! நூறு கைதேர்ந்த ஓவியர்கள் சேர்ந்தாலும் அதே நேரத்தில் இவ்வளவு நேர்த்தியாக முடிக்க முடியாது என்று உள்ளூர் மண்பாண்டத் தொழில்காரர்களே சான்று சொன்னார்கள். 1760-களில் வெட்ஜ்வுட் தன் பாத்திரங்களை இவர்களிடம் அனுப்பி அச்சிட்டு வாங்கினார்.

இதைப் படிச்சதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. போன மாசம் நானும் மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டேன்: "நாலு பேர் ரெண்டு நாள் செய்யற டெஸ்டிங்கை என் ஸ்கிரிப்ட் இருபது நிமிஷத்துல முடிக்குது." கைதட்டல் கிடைச்சுது. அந்த நாலு பேர்ல ஒருத்தர் என் பக்கத்து சீட். இப்ப வேற புராஜெக்ட் தேடிட்டிருக்கார்.

அங்கே வேலை மொத்தமாகப் போய்விடவில்லைதான். ஸ்டோக்கில் ஜோசையா ஸ்போட் 1784-வாக்கில் மெருகுக்கு அடியில் நீல அச்சைச் செம்மைப்படுத்தினார். காகிதத்தை வெட்டவும் ஒட்டித் தேய்க்கவும் பெண்களும் சிறுமிகளும் வந்தார்கள். அச்சிட்ட கோட்டுக்குள் வண்ணம் நிரப்பும் வேலையும் இருந்தது. ஆனா, வரைஞ்ச கை நிரப்புற கையாச்சு.

சாட்லர், கிரீன் பேர் நமக்குத் தெரியுது. அந்த நூறு ஓவியர்கள்? வெறும் எண்ணிக்கை.

நாளைக்கு அந்த நண்பரோட டீ குடிக்கப் போறேன். மெயில் அனுப்பினது நான்தான்னு அவருக்கு இன்னும் தெரியாது. சொல்லிடணும்.