திங்கட்கிழமை ஓட்டமும் தோட்டத்துக் கள்ளுக்கடையும்

விருத்தாசலம் என்றால் ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஞாபகம் வருவது இரண்டு. ஒன்று பழமலைநாதர் கோயில், இன்னொன்று பீங்கான். மண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, பளபளப்புப் பூச்சு பூசி, சூளையில் வைத்து எடுக்கும் வேலை இந்த ஊர்க்காரர்களுக்குப் பழகியது. ஆனால் இதே மாதிரி பூச்சுப் பூசிய மண் கிண்ணங்களைத் தினமும் காலையில் நூற்றுக்கணக்கில் கையில் எடுத்த தமிழர்கள் வேறு ஒரு நாட்டில் இருந்தார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் மரத்துக்கு ஒரு கிண்ணம் கட்டியிருக்கும். பட்டையைச் சீவியதும் பால் அதில் சொட்டும். அந்தக் கிண்ணங்களைச் சீனக் குயவர்கள் சூளையில் சுட்டுக் கொடுத்தார்கள். பாலை எடுத்து வாளியில் ஊற்றியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள்.

அந்த ரப்பர் மரங்களுக்கு நடுவில், வாரம் ஒரு நாள் சாயங்காலம் இன்னொரு கூட்டமும் ஓடியது. கையில் கிண்ணம் கிடையாது. ஓட்டம் முடிந்ததும் பீர் குடிக்க எனாமல் குவளைகள் மட்டும் காத்திருக்கும். இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஒரு பொழுதுபோக்கின் ஆரம்பம் அது. பெயர் ஹாஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்.

முயலும் நாய்களும்

1938 டிசம்பர். இடம் கோலாலம்பூர். ஆல்பர்ட் ஸ்டீபன் இக்னேஷியஸ் கிஸ்பர்ட் என்ற கணக்காளர், செசில் லீ, ஃபிரடெரிக் தாம்சன், ரொனால்ட் பென்னெட், ஜான் உட்ரோ ஆகிய நண்பர்கள் சேர்ந்து திங்கட்கிழமை தோறும் சாயங்காலம் ஓட ஆரம்பித்தார்கள். காரணம் ரொம்ப சாதாரணம். சனி ஞாயிறில் குடித்ததும் தின்றதும் உடம்பிலிருந்து இறங்க வேண்டும்! இறங்கியதும் மறுபடி கொஞ்சம் குடிக்கவும் வேண்டும்!

விளையாட்டு அவர்கள் கண்டுபிடித்தது இல்லை. இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி போன்ற பள்ளிகளில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பையன்கள் இதை ஆடி வந்தார்கள். ஒருவன் முயல். அவன் முன்னால் ஓடி, கிழித்த காகிதத் துண்டுகளை வழியெல்லாம் போட்டுக்கொண்டே போவான். மற்றவர்கள் நாய்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து அவனைத் துரத்துவார்கள். ஹேரியர் என்றால் முயல் வேட்டை நாய் என்று அர்த்தம்.

ஹாஷ் ஹவுஸ் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஹாஷ் என்பது இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் பொடியாக நறுக்கிக் கிளறும் சாதாரணச் சாப்பாடு. இவர்களில் சிலர் செலாங்கூர் கிளப்பின் துணைக் கட்டடத்தில் தங்கிச் சாப்பிட்டு வந்தார்கள். அந்தச் சாப்பாட்டின் லட்சணத்தை வைத்து அந்த இடத்துக்குக் கிண்டலாக வைத்த பெயர்தான் ஹாஷ் ஹவுஸ். நம்ம ஊர்ப் பசங்க ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பெயர் வைப்பது மாதிரிதான். குழுவுக்கும் அதையே வைக்கலாம் என்று சொன்னவர் கிஸ்பர்ட்.

இந்த ஆட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. காகிதத் தடம் திடீரென்று ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் நாலா பக்கமும் சிதறித் தேட வேண்டும். வேகமாக ஓடுபவன்தான் முதலில் வருவான், அதனால் அவன்தான் அதிகம் அலைவான். அதற்குள் மெதுவாக வருபவர்கள், வெறுமனே நடந்து வருபவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். சரியான தடத்தைக் கண்டவர் "ஆன் ஆன்" என்று கத்த, கூட்டம் மறுபடி கிளம்பும். இது பந்தயம் இல்லை, பரிசும் கிடையாது. எல்லோரும் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும், ஒன்றாக உட்கார்ந்து குடிக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

படிக்கவே ஜாலியாக இருக்கிறது, இல்லையா? சரி, இப்போது அந்த மரங்களுக்கு அடியில் வேலை பார்த்தவர்கள் பக்கம் வருவோம்.

அதே வருஷம், அதே மரங்கள்

மலாயாவுக்குக் கூலிகளாகப் போன தமிழர்கள் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடஆர்க்காடு, தென்னார்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து போனார்கள். விருத்தாசலம் அப்போது தென்னார்க்காட்டில்தான் இருந்தது. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பான். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் ஏறினால் பினாங்கு. அங்கிருந்து ஏதாவது ஒரு தோட்டம், லயத்தில் ஒரு அறை, வெயில் ஏறுவதற்கு முன்னால் மரம் சீவும் வேலை.

இவர்களுக்கும் 1938 முக்கியமான வருஷம். ரப்பர் விலை சரிந்ததும் தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். அதனால் இந்திய அரசு அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், உதவி கொடுத்து மலாயாவுக்குக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. பல ஆண்டுகளாக நடந்த ஆள் சேர்ப்பு அதோடு முடிந்தது. கிஸ்பர்ட்டும் நண்பர்களும் ஓட ஆரம்பித்தது அதற்கு ஆறு மாதம் கழித்து.

தோட்டத் தொழிலாளிக்கும் ஒரு குடிக்கும் இடம் இருந்தது. கள்ளுக்கடை. பல தோட்டங்களில் அது தோட்டத்துக்கு உள்ளேயே, அரசாங்க உரிமத்தோடு நடந்தது. காலையில் உழைத்துச் சம்பாதித்த கூலியில் ஒரு பங்கு சாயங்காலம் அந்தக் கடைக்குள் போய்விடும். கணக்குப் பாடம் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். செலவாக எழுதிய கூலியில் ஒரு பகுதி அதே வேலிக்குள்ளேயே வரவாகத் திரும்பி விடுகிறது. ஏற்கெனவே கூலி குறைந்த வீட்டில் அரிசிக்குத்தான் தட்டுப்பாடு.

இதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். அதற்குப் பிறகு சுயமரியாதைக் கருத்துகள் தோட்டங்களுக்குள்ளும் நுழைந்தன. இங்கே தமிழ்நாட்டில் ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கடல் தாண்டி இருந்தவர்களுக்கும் தமிழ்ப் பத்திரிகைகள் வழியாக ஊர்ச் செய்தி போய்க்கொண்டுதான் இருந்தது.

சைக்கிளை விட்டு இறங்கு!

1941இல் அது வெடித்தது. கோலாலம்பூருக்குப் பக்கத்தில், அதே செலாங்கூர் மாநிலத்தில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத் தலைவர் ஆர். எச். நாதன். "தமிழ் நேசன்" பத்திரிகையில் வேலை பார்த்தவர்.

அவர்களுடைய கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கொடு. கொடுமைப்படுத்தும் மேற்பார்வையாளர்களை மாற்று. கள்ளுக்கடையை மூடு. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. வெள்ளைக்காரத் துரையோ கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி!

கடைசிக் கோரிக்கையை இன்னொரு தடவை படிக்க வேண்டும். தோட்டத்துப் பாதையில் சைக்கிள் ஓட்டிப் போகும் உரிமை. அதற்காகவும் சேர்த்துத்தான் வேலையை நிறுத்தினார்கள். அதே செலாங்கூரில், அதே மாதிரிப் பாதைகளில், திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம் யாரையும் கேட்காமல் காகிதத்தைத் தூவிக்கொண்டு, கத்திக்கொண்டு ஓடியது. அவர்களை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

முடிவு என்ன ஆயிற்று? மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். தொழிலாளர்கள் கொதித்தார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள்.

நடக்கிற பாதை யாருடையது என்ற சண்டை இங்கிலாந்திலும் நடந்திருக்கிறது. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளி இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கவுட் என்ற மலைக்குள் அத்துமீறி நடந்தார்கள். பணக்காரர்கள் பறவை வேட்டைக்காக வளைத்துப் போட்ட மலை அது. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு நடக்க எங்களுக்கும் இடம் வேண்டும் என்பதுதான் கேள்வி. ஐந்து பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த நடை இன்றும் அங்கே பெருமையாகக் கொண்டாடப்படுகிறது, நாட்டுப்புறப் பாதைகளை மக்களுக்குத் திறந்துவிட்ட பிற்காலச் சட்டங்களுக்கு முன்னோடி என்று. கிள்ளான் சைக்கிளைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

24 குவளைகள்

1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவில் இறங்கியது. 1942 ஜனவரியில் கோலாலம்பூர் விழுந்தது. திங்கட்கிழமை ஓட்டம் நின்றது. கிஸ்பர்ட் ராணுவத்தில் சேர்ந்து சிங்கப்பூரைக் காக்கும் சண்டையில் 1942 பிப்ரவரி 11 அன்று இறந்தார். சிங்கப்பூர் சரணடைந்தது அதற்கு நான்கு நாள் கழித்து. அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. நண்பர்களைச் சேர்த்து ஓடிய ஒரு கலகலப்பான ஆள், போரில் செத்துப்போனார்.

தோட்டத் தமிழர்களுக்கு அந்தப் போர் வேறு விதமாக வந்தது. பல்லாயிரக்கணக்கானவர்களை ஜப்பானியர்கள் சயாம் - பர்மா ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

1946இல் மிச்சமிருந்த நண்பர்கள் ஓட்டத்தை மறுபடி தொடங்கினார்கள். அப்போது பென்னெட், போரில் தொலைந்த குழுவின் சொத்துக்கு இழப்பீடு கேட்டு அரசிடம் மனுப் போட்டார். சொத்து விவரம்: எனாமல் குவளைகள் 24, பழைய தகரக் குளியல் தொட்டி ஒன்று, பழைய பைகள் இரண்டு. ஹாஷ் வரலாற்றில் இதை எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் குவளைக்கு எண்ணிக்கை இருக்கிறது, ரயில் பாதையில் செத்த மனிதனுக்குப் பெயர் இல்லை என்று யோசித்தால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

ஓட்டம் மறுபடி தொடங்கிய அதே காலத்தில், 1946 - 47இல், வடக்கே கெடா மாநிலத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தோட்டத் தமிழ் இளைஞர்கள் தொண்டர் படை அமைத்தார்கள். கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். 1947 பிப்ரவரி கடைசியில் பீடோங் அருகே கள்ளுக்கடை மறியலில் போலீசோடு மோதல் ஏற்பட்டு ஒரு தொழிலாளி உயிரிழந்தார். ஒரு குடிக்கும் இடத்தை மூடச் சொல்லி உயிரை விட்ட தமிழன் அவர்.

பீரும் கள்ளும்

1950இல் கோலாலம்பூர் குழு சங்கப் பதிவாளரிடம் முறைப்படி பதிவு செய்தது. கொடுத்த குறிக்கோள்கள் நான்கு. உடம்பைத் திடமாக வைத்துக்கொள்வது, வார இறுதியின் போதை மயக்கத்தைப் போக்குவது, நல்ல தாகத்தை உண்டாக்கி அதைப் பீரால் தீர்ப்பது, வயதானவர்களுக்கு அவர்கள் நினைக்கிற அளவு வயதாகவில்லை என்று காட்டுவது. 1962இல் சிங்கப்பூரில் ஒரு குழு தொடங்கியது. அதற்குப் பிறகு வேகமாகப் பரவி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் குழுக்கள் ஆகிவிட்டன. 1978இல் ஹாங்காங்கில் முதல் உலகக் கூடல் நடந்தது, 2002இல் அது கோவாவுக்கே வந்தது. மலேசியாவில் காலப்போக்கில் மலாய், சீன, இந்தியப் பெயர்களும் குழுக்களில் சேர்ந்தன. ஓட முடியாதவர்கள் நடந்தே வருகிறார்கள்.

அப்படியானால் பீர் நல்லது, கள் கெட்டது என்றா சொல்வது? இல்லை. இரண்டும் போதைதான். வித்தியாசம் குடிக்கிற பொருளில் இல்லை, குடிக்க உட்காருகிற நிலைமையில் இருக்கிறது. திங்கட்கிழமைக் கூட்டம் தானாக ஓடி, தானாக நின்று, தானாகக் குடித்தது. மறுநாள் வேண்டாமென்றால் வராமல் இருக்கலாம். தோட்டத் தமிழனுக்கு வேலையும் வீடும் கடையும் ஒரே வேலிக்குள். அவன் எங்கே நடந்து போவான்? நண்பர்களோடு சேர்ந்து நடப்பதும், வழியில் உட்கார்ந்து ஒரு வாய் குடிப்பதும் சந்தோஷமாக இருக்க வேண்டுமென்றால் முதலில் பாதை சொந்தமாக இருக்க வேண்டும்.

கடைசியில் வருபவனுக்காக எல்லோரும் நின்று காத்திருக்க வேண்டும் என்பது ஹாஷ் ஓட்டத்தின் அருமையான விதி. 1938இல் அந்த விதி ஓடியவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. மரத்தடியில் கிண்ணத்தோடு நின்றவன் அந்த ஆட்டத்தில் இல்லை. வாராவாரம் நடக்கக் கிளம்பும் எந்த நண்பர் கூட்டமாக இருந்தாலும், போகிற பாதையில் யார் வேலை செய்கிறார்கள், அவர்களும் அங்கே தலை நிமிர்ந்து நடக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவது நல்லது. சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றவர்களில் தென்னார்க்காட்டுக்காரர்களும் இருந்திருப்பார்கள்.